பெயர்ப்பலகை இல்லாத ஃபைபர் பட்டறை: 26 நாள் காத்திருப்பும் ஒரு வருட ஓட்டமும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் தாண்டித் தொண்டிப் பக்கம் போகும்போது, சீமைக்கருவேலங் காட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதன் முன்னால் நாலைந்து படகுகள் குப்புறக் கிடக்கும். பலகை கிடையாது, பில் புத்தகம் கிடையாது. சுற்று வட்டாரத்தில் "ஃபைபர் பட்டறை" என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள். போன வருடம் என் படகின் பின்பலகையை, அதாவது என்ஜின் மாட்டுகிற பலகையை, இங்கேதான் மாற்றினேன். ஒரு வருடம் முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகு எழுதலாம் என்று இத்தனை நாள் காத்திருந்தேன். முதல் முறையாகப் படகு வாங்கப் போகிறவர்கள் வாங்கிய பிறகு இங்கே வர வேண்டாம், வாங்குவதற்கு முந்தின நாள் வாருங்கள். நான் செய்தது அதற்கு நேர் எதிர்.

என் தாத்தா கடலுக்குப் போனவர். அப்பா கடலை விட்டுவிட்டு ராமநாதபுரத்தில் சைக்கிள் கடை வைத்தார். நான் சவூதியில், தம்மாமில் 14 வருடம் ஜெனரேட்டர் மெக்கானிக். ஊர் திரும்பியதும் எல்லோரையும் போல ஒரு கார் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கலாம். மச்சினன் நண்டு வலைக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். "மச்சான், நமக்குன்னு ஒரு போட்டு இருந்தா பாதிப் பங்கு அடுத்தவனுக்குப் போகாதுல்ல" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான். அதோடு தூக்கம் போயிற்று.

2024 மாசியில் வாங்கினோம். 24 அடி ஃபைபர் படகு, 9.9 ஹெச்பி மண்ணெண்ணெய் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டுகிற என்ஜின்), இரண்டும் சேர்த்து 1,65,000 ரூபாய். விற்றவர் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கத்து ஊர்க்காரர், பெயர் வேண்டாம். என்ஜினை இரண்டு மணி நேரம் பார்த்தேன். பிளக்கைக் கழற்றினேன், கம்ப்ரஷன் பார்த்தேன், கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பால் நிறம் இருக்கிறதா என்று பார்த்தேன். பால் நிறம் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட விட்டேன், குளிர்விக்கும் தண்ணீர் நூல் பிடித்த மாதிரி பீய்ச்சியது. விற்றவரே அசந்துபோனார். படகை எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. அஞ்சு நிமிடம். புதிதாக நீலப் பெயிண்ட் அடித்திருந்தது, பளபளவென்று இருந்தது, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்ததை மட்டும் நன்றாகப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் விற்பனைக்கு நிற்கும் படகில் புதுப் பெயிண்ட் வாடை அடித்தால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வருகிறது.

ஒரு துப்பு அப்போதே கிடைத்தது, எனக்குத்தான் பிடிபடவில்லை. படகை நம் கரையில் மேலேற்றியபோது, அதே நீளப் படகை எட்டுப் பேர் இழுக்கிற இடத்தில் பதினோரு பேர் இழுத்தோம். "நல்ல கனமான போட்டு, ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று நானே பெருமையாகச் சொன்னேன்.

சித்திரை முதல் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாக் ஜலசந்தியில் திங்கள், புதன், சனி விசைப்படகுகளுக்கு. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. எங்கள் ஃபைபர் படகும் நாட்டுப்படகுக் கணக்குதான், அதனால் ஞாயிறு நமக்குத் தோதான நாள். விடியுமுன் மூன்றரைக்குக் கிளம்பினோம். மூன்று பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி) தண்ணீரில் வலையை எடுத்துவிட்டுத் திரும்பும்போது, ஆக்சிலேட்டரைத் திருப்பினேன். பழைய கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம். "மச்சான், என்ஜின் பின்னால சாயுது!" என்று மச்சினன் கத்தினான். பின்பலகையின் இடது மூலையில் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு. என்ஜின் அதன் பாரத்துக்குப் பலகையைப் பிய்த்துக்கொண்டு கடலில் இறங்கப் பார்க்கிறது. அணைத்துவிட்டு, வலைக்கயிற்றை எடுத்து என்ஜினை நடுக்கட்டையோடு சேர்த்துக் கட்டினேன். அவன் வாளியால் இறைத்தான். லைஃப் ஜாக்கெட் இரண்டும் இருந்தன, ஈர வலை மூட்டைக்கு அடியில். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, இரண்டும் போனில் சேமித்து வைத்திருந்தேன். போன் பிளாஸ்டிக் உறைக்குள், உறை டிபன் பைக்குள், பை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில். நல்ல வேளையாகக் காற்று இல்லை. பக்கத்தில் வலை வாங்கிக்கொண்டிருந்த ஒரு வள்ளம் எங்களைக் கட்டி இழுத்து வந்தது. காசு வாங்க மாட்டேன் என்றார்கள். அன்றைக்குப் பிடித்த நண்டில் பாதியைக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே பட்டறைக்குப் போனேன். மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். கைலி, தலையில் துண்டு, முழங்கை வரை ஃபைபர் தூசி. மரவள்ளம் கட்டிப் பழகி, பிறகு ஃபைபருக்கு மாறினவர். அதனால் ஃபைபர் படகுக்கும் ஏரா (அடிக்கட்டை), வங்கு (விலா மாதிரி உள்கட்டை) என்று மரக்கல வார்த்தைகளையே சொல்வார். மறுநாள் வந்து படகைப் பார்த்தார். கையில் ஒரு திருப்புளி மட்டும். அதன் பிடியால் அணியத்திலிருந்து ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டே பின்னால் வந்தார். சந்தையில் பெண்கள் மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்பார்களே, அதே மாதிரி. முன்பக்கம் 'டங் டங்' என்று காய்ந்த சத்தம். பின்னால் வர வர 'பொத் பொத்'. பின்பலகையில் தட்டியபோது சத்தமே இல்லை.

"தம்பி, எவ்வளவு குடுத்தீங்க?"

சொன்னேன்.

"அது என்ஜினுக்குக் குடுத்த காசு. போட்டு சும்மா வந்திருக்கு."

பிறகு உள்பக்கமாகச் சின்ன டிரில்லால் மூன்று ஓட்டை போட்டார். காபி வடிகட்டின சக்கை மாதிரி கருப்பாக, ஈரமாகத் தூள் வந்தது. காய்ந்த, வெளிர் நிறத் தூள் வந்திருக்க வேண்டுமாம்.

இதை எனக்கு அவர் விளக்கிய விதம் பிடித்திருந்தது, அதனால் சொல்கிறேன். ஃபைபர் படகு முழுக்க ஃபைபர் இல்லை. பின்பலகை என்பது இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவில் வைத்த பிளைவுட். என்ஜின் மாட்ட அதில் போல்ட் ஓட்டை போடுகிறோம். அந்த ஓட்டையின் உள்சுவரைச் சீலண்ட் போட்டு அடைக்காமல் விட்டால், உப்புத்தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பிளைவுட்டுக்குள் இறங்கும். மேலே தோல் நன்றாகவே இருக்கும், உள்ளே மரம் மக்கிக்கொண்டிருக்கும். போதாததற்கு என்ஜின் அதிர்வு. என் படகில் முந்தின ஆள் என்ஜினை இரண்டு தடவை இடம் மாற்றி மாட்டியிருக்கிறார். பழைய ஓட்டைகளை வெறும் பட்டியால் அடைத்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார். மிதப்புக்காகத் தரைக்கு அடியில் வைத்த தெர்மோகோல் கட்டிகளும் தண்ணீர் குடித்துக் கனத்திருந்தன. பதினோரு பேர் இழுத்த கணக்கு இதுதான்.

இதை வாங்கும்போதே கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியும், திருப்புளி கூட வேண்டாம். என்ஜினை மேலே மடக்கி வைத்து, அதன் கீழ்க்காலைப் பிடித்து ஓங்கி ஒரு அழுத்து அழுத்தி விட வேண்டும். பின்பலகை அசைந்தாலோ, மூலையில் முடி மாதிரி விரிசல் தெரிந்தாலோ கிளம்பி வந்துவிடலாம்.

இனி வேலையைப் பற்றி. பலகையின் உள்தோலை அறுத்து எடுத்து, மக்கின மரத்தை உளியால் சுரண்டி, வெறும் ஓடு ஆக்கினார். நாலு நாள் வெயிலில் காய விட்டார். நான் அவசரப்பட்டேன், அவர் காதில் வாங்கவில்லை. ஈரத்தின் மேல் ரெசின் (ஃபைபரை இறுக்கிப் பிடிக்கிற பசை) பிடிக்காது, பிடித்த மாதிரி இருந்து பிறகு தோல் தோலாக உரியும். அதனால்தான் ஐப்பசி, கார்த்திகை மழையில் எவ்வளவு காசு கொடுத்தாலும் இந்த வேலை எடுக்க மாட்டேன் என்கிறார். கோடையிலும் பனி ஈரம் போகட்டும் என்று காலை ஒன்பதுக்கு மேல்தான் டப்பாவைத் திறப்பார். பழைய ஃபைபரைக் கிரைண்டரால் சொரசொரப்பாக்கி, அசிட்டோன் போட்டுத் துடைத்து, மரைன் பிளைவுட் இரண்டு அடுக்கு ஒட்டி, அதன் மேல் மேட்டும் (கண்ணாடி நார் விரிப்பு) ரோவிங்கும் (கண்ணாடி நாரில் நெய்த துணி) மாற்றி மாற்றி. ஒவ்வொரு அடுக்கிலும் காற்றுக் குமிழ் வெளியேற உருளையால் தேய்த்தார்கள். மூலைகளைச் செங்குத்தாக விடாமல் வளைத்துப் பூசி, மேட்டைப் பக்கச்சுவர்கள் மேல் ஒரு முழம் ஏற்றினார். பலகையை மட்டும் மாற்றிவிட்டுப் பக்கத்தோடு இணைக்காமல் விட்டால் அடுத்த வருடம் அதே இடத்தில் பிளக்கும் என்றார்.

பட்டறைப் பையன் ஹார்டனரை (ரெசினை இறுக வைக்கிற திரவம்) மூடியில் அளந்து ஊற்றுவதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பயம். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி, வெயிலைப் பொறுத்து. கூடினால் சூடேறி வெடிப்பு விடும், குறைந்தால் இறுகாமல் பிசுபிசுக்கும். வீட்டில் தானே ஒட்டுப் போட நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஆக்சிலரேட்டரையும் (ரெசின் இறுகுவதை வேகப்படுத்துகிற திரவம்) ஹார்டனரையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலாவதை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே இரண்டாவது. இதை மேஸ்திரி பையனுக்குச் சொன்ன தொனியில் சொல்ல எனக்கு எழுத்து வரவில்லை.

மொத்தம் 31,000 ரூபாய். சாமான் பாதிக்கு மேல், மீதி கூலி. தெர்மோகோல் மாற்றியதும், ஏராவின் அடியில் தேய்ந்த இடத்துக்கு மூன்று அடுக்கு மேட் போட்டதும் இதில் அடக்கம். அடியில் மேட்டின் நார் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. மணலில் இழுக்கிற படகுக்கு அங்கேதான் முதலில் தேயும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பத்து நாள் என்றார், 26 நாள் ஆயிற்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாளும் நாட்டுப்படகு போகலாம், சந்தையில் வரத்து குறைவு என்பதால் நல்ல விலையும் கிடைக்கும். அந்த நேரத்தில்தான் என் படகு கருவேல மரத்தடியில் கிடந்தது. அதே தடைக்காலத்தில்தான் விசைப்படகுக்காரர்களும் மராமத்துப் பார்க்கிறார்கள், மேஸ்திரியைப் பாதி நாள் ராமேஸ்வரம் பக்கம் கூட்டிப் போய்விட்டார்கள். போன் அடித்தால் எடுக்க மாட்டார், நேரில் போனால் சிரிப்பார். முன்கூட்டி இவ்வளவு ஆகும் என்று எழுதித் தர மாட்டார். 25,000 என்று வாயால் சொன்னது 31,000 ஆனதற்குக் காரணம் நியாயமானதுதான், திறந்த பிறகுதான் தெர்மோகோல் விவகாரம் தெரிந்தது. இருந்தாலும் ஒரு தாளில் எழுதித் தரலாமே. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், என் மகள் கண்ணாடித் தூசி பட்டு இரண்டு நாள் சொரிந்துகொண்டிருந்தாள், என் மனைவி அதற்கு என்னைத்தான் திட்டினாள். என்ஜின் வேலை இங்கே கிடையாது, கேட்டால் "அது நீங்க பாத்துக்கங்க" என்பார்.

ஒரு வருடம் ஓட்டியாயிற்று. ஐப்பசியில் வாடைக்காற்று எழும்பி வடகடல் (பாக் ஜலசந்திப் பக்கம்) கொந்தளிக்கும்போது பலர் படகைத் தென்கடலுக்குக் கொண்டுபோவார்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் அதற்கு நேர்மாறு. நாங்கள் புதியவர்கள், வாடையில் பாதி நாள் கரையில் ஏற்றித்தான் வைத்திருந்தோம். கடலில் இருந்த நாட்களில் நன்றாகவே அடி வாங்கியிருக்கிறது. போன வாரம் நானே திருப்புளிப் பிடியால் தட்டிப் பார்த்தேன். 'டங்'. என்ஜினின் காலைப் பிடித்து அழுத்தினேன், பலகை அசையவில்லை. இப்போது எட்டுப் பேர் இழுத்தால் கரையேறுகிறது. டேங்க் முன்பு போன தூரத்துக்குக் கூடுதலாகவே போகிறது என்று மச்சினன் சொல்கிறான், நான் அளக்கவில்லை.

அவருடைய உண்மையான சேவை பலகை மாற்றுவது இல்லை, தட்டிப் பார்ப்பது. போன ஆவணியில் என் நண்பன் ஒருவன் படகு வாங்கக் கிளம்பினான். அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். 500 ரூபாய், போக வர பெட்ரோல், ஒரு டீ. முதல் படகில் வங்குகள் தரையிலிருந்து விட்டுப் போயிருந்தன, உள்ளே குதித்துப் பார்த்தால் தரை துள்ளியது. இரண்டாவது படகு எங்கள் கண்ணுக்கு அருமை. அவர் குனிந்து அடியை மோந்து பார்த்தார், அடித் தோலில் இருந்த சின்னக் கொப்புளத்தைக் கத்தி முனையால் குத்தினார். புளித்த வாடையோடு தண்ணீர் வந்தது. "வேணாம் தம்பி" என்றார், விற்பவர் முன்னாலேயே. மூன்றாவது படகு பெயிண்ட் உதிர்ந்து அசிங்கமாக இருந்தது. அதைத்தான் வாங்கச் சொன்னார். பெயிண்ட் இல்லாததால் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, விலையும் 20,000 குறைத்துப் பேசலாம் என்றார், பேசியும் கொடுத்தார். பணம் கொடுக்கும் முன் படகைக் கடலில் இறக்கி, மூன்று ஆள் பாரத்தோடு ஒரு மணி நேரம் ஓட்டி, திரும்பி வந்து அடியில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். என் 1,65,000-க்கு இந்த ஒரு மணி நேரத்தை நான் கேட்கவே இல்லை.

என்ஜின் அவர் பார்க்க மாட்டார் என்பதால் அந்தப் பங்கை நான் சொல்லிவிடுகிறேன். நம் பக்கக் கடல் ஆழம் குறைவு, அடியில் சேறும் கடல்தாழையும். கரையோரம் வேகமாக ஓட்டினால் தாழை புரொப்பெல்லரில் சுற்றும், குளிர்விக்கும் தண்ணீர் உறிஞ்சும் துவாரத்தையும் அடைக்கும். பீய்ச்சும் தண்ணீர் நின்றால் அந்த நிமிடமே அணைத்துவிட வேண்டும், கரை பக்கம்தானே என்று ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீர் டிரம்மில் பத்து நிமிடம் ஓட்டிக் கழுவுவது பெரிய வேலையே இல்லை, ஆனால் களைப்பில் தினமும் தள்ளிப்போடத் தோன்றும். மண்ணெண்ணெய் என்ஜினைப் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெட்ரோலுக்கு வந்துவிடுங்கள். கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிட்டால் மறுநாள் விடியற்காலை தோள்பட்டை கழன்றுவிடும், கயிற்றை இழுத்து இழுத்து. அப்புறம், என்ஜினைப் படகோடு ஒரு தனிக் கயிற்றால் எப்போதும் கட்டி வையுங்கள். அன்றைக்கு அவசரத்தில் நான் கட்டிய கயிறு இப்போது நிரந்தரமாக இருக்கிறது.

நங்கூரக் கயிறு விஷயத்தில் மேஸ்திரி என்னைக் கேலி செய்தார். மூன்று பாகம் தண்ணீருக்கு ஆறு பாகம் கயிறு வைத்திருந்தேன். ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது வேண்டும், காற்று என்றால் ஏழு. அப்போதுதான் நங்கூரம் படுத்து மண்ணைக் கடிக்கும்.

காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். மீன்வளத்துறையில் படகின் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றும் வரை மானிய மண்ணெண்ணெய் உங்களுக்கு இல்லை. நாட்டுப்படகுக்கு ஆண்டுக்கு 3,400 லிட்டராக இருந்ததை 3,700 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் முதல்வர் அறிவித்தார். சின்னக் காசில்லை அது. என் பதிவில் இருந்த என்ஜின் எண்ணும் என்ஜினில் இருந்த எண்ணும் வேறு, அதைச் சரி செய்யவே மூன்று மாதம் நடந்தேன், அதுவரை கைக்காசில் பெட்ரோல். வாங்கும்போதே இரண்டு எண்ணையும் சேர்த்து வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை. வருடாந்திர ஆய்வு நாளன்று படகைக் கரையில் காட்டாவிட்டாலும் மானியம் நின்றுபோகும். அறிவிப்பு வந்ததும் தேதியைக் குறித்து வையுங்கள்.

பட்டறைக்கு நான் 5-க்கு 4 கொடுப்பேன். குறைத்த அந்த ஒன்று, கூடுதலாக ஆன 16 நாளுக்காக. இந்த வைகாசியில் அடியில் ஒட்டின சிப்பியைச் சுரண்டி ஒரு பூச்சு அடிக்க மறுபடி விடப்போகிறேன். நேற்றுப் போய்ச் சொன்னேன். "பத்து நாள்ல தர்றேன் தம்பி" என்றார். மச்சினனிடம் வந்து ஒரு மாதம் என்று சொல்லிவிட்டேன். அவன் அதற்குள் கிழிந்த நண்டு வலையை எல்லாம் எடுத்துத் திண்ணையில் போட்டுவிட்டான்.